ஒரே இடத்துக்கு மூன்று பாதுகாப்புப் பட்டங்கள்: எப்படிப் பதிவது?

கேள்வி – ஏரிக்கரை

வணக்கம். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளை எக்செல்லில் தொகுத்துவருகிறேன். பிறகு ஜிஐஎஸ்ஸுக்கு (வரைபடமும் தரவும் இணைந்த மென்பொருள்) மாற்ற வேண்டும். 'வகை' என்று ஒரே நெடுவரிசைதான் இருக்கிறது. ஒரு ஏரி சட்டப்படி சரணாலயம், அதுவே ராம்சர் தலம் (பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இடம்), அதையும் சேர்த்துச் சுற்றி வளைத்து யுனெஸ்கோவின் ஓர் உயிர்க்கோளக் காப்பகம். இதில் எதை எழுதுவது? மூன்று வரிசையாகப் போட்டால் மொத்தப் பரப்பளவு ஊதிவிடுகிறது. அப்புறம், பெயரில் 'தேசியப் பூங்கா' என்று இருந்தால் ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வகை 2 என்று நானே நிரப்பிவிடலாமா?

பதில் – பழைய வரைபடக்காரன்

கடைசிக் கேள்விக்கு முதலில்: கூடாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வகை 2. இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டும் தேசியப் பூங்காதான், ஆனால் வகை 5. ஊரும் பண்ணையும் மேய்ச்சல் நிலமுமாக மனிதர் வாழ்ந்து உருவான நிலப்பரப்பு அது. ஐயூசிஎன் வகை என்பது அந்த இடம் எந்த நோக்கத்துக்காக நிர்வகிக்கப்படுகிறது என்பதைச் சொல்வது. 2008 வழிகாட்டுதலின்படி, பரப்பில் முக்கால் பங்குக்காவது அந்த முதன்மை நோக்கம் பொருந்த வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்து நாம் முடிவு செய்வதில்லை.

எனவே அந்த ஒற்றை நெடுவரிசையை உடையுங்கள். சட்டம் தந்த பட்டம் மூலமொழியில் அப்படியே ஒன்று; அது தேசிய அளவிலானதா பன்னாட்டளவிலானதா என்று ஒன்று; ஐயூசிஎன் வகை ஒன்று; முன்மொழிவா, அறிவிக்கப்பட்டதா என்ற நிலையும் அதன் ஆண்டும். நிர்வகிப்பது அரசா, தனியாரா, பழங்குடி அல்லது உள்ளூர்ச் சமூகமா என்பதும் முக்கியம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வகை தெரியாவிட்டால் காலியாக விடாதீர்கள். உலகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் தரவுத்தளத்தில் 'தெரிவிக்கப்படவில்லை', 'வழங்கப்படவில்லை', 'பொருந்தாது' என்று மூன்று தனி மதிப்புகள் உண்டு. உலகப் பாரம்பரியத் தலங்களுக்கும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களுக்கும் 'பொருந்தாது'. காலிக் கட்டம் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடும்.

உங்கள் ஏரிக்கு மூன்று வரிசைகளே சரி, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண்ணோடு. நாளை ஒரு பட்டம் ரத்தானாலும் மற்ற இரண்டும் நிற்குமே! மொத்தப் பரப்பளவை மட்டும் நெடுவரிசையைக் கூட்டி எடுக்காதீர்கள். ஜிஐஎஸ்ஸில் பலகோணங்களை, அதாவது எல்லை வடிவங்களை, ஒன்றாகக் கரைத்துவிட்டு அளந்தால் மேற்பொருந்தும் இடம் ஒருமுறைதான் எண்ணப்படும்.

ஏரிக்கரை

மிக்க நன்றி ஐயா. சில இடங்களுக்கு எல்லையே கிடைக்கவில்லை. ஒரு புள்ளியும், அரசாணையில் சொன்ன ஹெக்டேரும்தான். வட்டம் வரைந்துவிடலாமா?

பதில் – நில அளவை

கணக்குக்கு வரையலாம். அந்தப் பரப்பளவுக்குச் சமமான வட்டத்தைப் புள்ளியைச் சுற்றிப் போடுவது உலகத் தரவுத்தளத்தை வைத்து ஆய்வு செய்பவர்களும் கையாளும் முறைதான். ஆனால் அதை எல்லை என்று வரைபடத்தில் காட்டாதீர்கள். கடற்கரையோரத்தில் பாதி வட்டம் கடலுக்குள் போய் நிற்கும், பார்ப்பவர் அதையும் நம்பிவிடுவார். புள்ளியைப் புள்ளியாகவே வையுங்கள்.

அரசாணைப் பரப்பளவும் ஜிஐஎஸ் அளந்த பரப்பளவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் தனி நெடுவரிசை வேண்டும், ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதக் கூடாது.

மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை: உலக அளவிலான மொத்தக் கணக்கில் முன்மொழிவு நிலையில் உள்ளவற்றையும் உயிர்க்கோளக் காப்பகங்களையும் சேர்ப்பதில்லை. காப்பகத்தின் வெளிவட்டங்களில் ஊர்களும் வயல்களும்கூட இருக்கும், அங்கே சட்டப் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் ஏரி எப்படியும் சரணாலயமாகக் கணக்கில் வந்துவிடும்.

பழைய வரைபடக்காரன்

ஆமாம், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். அரசாணை எண்ணுக்கும் தேதிக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். எல்லையைப் பற்றி யாராவது சண்டைக்கு வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்ட முடியும்.