அப்பாரு கோவம், ஐயன் கோவம், இப்ப என் கோவம்: மாத்த முடியுங்களா?

பல்லடம் தறிக்காரன்:

வணக்கமுங்க. எங்க வீட்டுல மூணு தலைமொறையா ரெண்டு குணம் ஓடுது. ஒண்ணு, சுள்ளுனு வர்ற கோவம். இன்னொண்ணு, கோவம் தணிஞ்ச பொறவு ரெண்டு மூணு நாளைக்கு யார்கூடவும் பேசாம உம்முனு இருக்கறது. அப்பாருகிட்ட (ஐயனைப் பெத்தவரு) இருந்துச்சு, ஐயன்கிட்ட (அப்பா) இருக்குது, என்கிட்டயும் வந்துடுச்சு. ஊர்ல கேட்டா "ரத்தத்துல வந்தது போகாது"ங்கறாங்க. ஆறு வயசுப் பையனும் சோத்து வட்டலத் தள்ளிவிட்டுட்டு மூலைல போய் உக்காந்துக்கறான். இதுல எவ்வளவு பிறவி, எவ்வளவு பழக்கம்? எங்க ஆரம்பிக்கறது? எத்தனை நாளாகும்? "பொறுமையா இருங்க"ன்னு பொதுவாச் சொல்லாம, செய்யற மாதிரி சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும். கூட்டுக் குடும்பமுங்க, வீட்டுக்குப் பின்னாலயே தறிக்குடோன்.

கோவை உளவியல் ஆலோசகர்:

முதல் கேள்விக்கு இரட்டையர் ஆய்வுகள்தான் ஆதாரம். அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல 1979ல தாமஸ் பௌச்சார்ட் தொடங்கின ஆய்வு, சின்ன வயசுலயே பிரிஞ்சு வேற வேற வீட்டுல வளர்ந்த இரட்டையர்களைப் பார்த்தது. அதையும் பின்னால வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தா, மனுசனுக்கு மனுசன் குணத்துல இருக்கற வேறுபாட்டுல சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணுவோட பங்கு. இந்த எண்ணை நிறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. உங்க கோவத்துல பாதி அப்பாரு குடுத்ததுன்னு இதுக்கு அர்த்தமில்லீங்க. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடறாங்கங்கறதுக்கான கணக்கு அது. ஒரு தனி ஆளை அப்படிப் பங்கு போட முடியாது.

பிறவியில வர்றது ஒரு சாய்வு: சட்டுனு சூடேறுற உடம்பு, ஏறினா இறங்க நேரமாகறது, சின்னதுக்கும் பதறுற மனசு. வட்டலத் தள்றதும் மூணு நாள் பேசாம இருக்கறதும் பார்த்துப் படிச்ச செய்கை. 1961ல ஸ்டான்ஃபோர்டுல ஆல்பர்ட் பண்டுரா நடத்தின சோதனையில, பெரியவங்க ஒரு பொம்மையை அடிச்சு உதைக்கறதைப் பார்த்த குழந்தைங்க, பின்னால அதே மாதிரி அடிச்சாங்க, அதே வார்த்தையைக்கூடச் சொன்னாங்க. உங்க பையன் செய்யறதும் இந்த வகைதான். சூடேறுற உடம்பை வெச்சுக்கிட்டே செய்கையை மாத்தலாம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் "போகாது"ன்னு முடிவு கட்டிடறாங்க.

ஆரம்பம் ஒரு நோட்டு. முதல் 2 வாரம் எதையும் மாத்தாதீங்க, எழுதுங்க. எப்ப, அதுக்கு முன்னால என்ன, நான் என்ன செஞ்சேன், செஞ்சதும் என்ன ஆச்சு. "கோவம் வந்துச்சு"ன்னு எழுதினா பிரயோசனமில்லை. இப்படி இருக்கணும்: "செவ்வாய் 6.40. 4ஆம் நம்பர் தறியில பாவு அறுந்து கெடக்குது, ஆள் வரலை. மத்தியானம் சாப்பிடலை. உள்ள வந்தா டிவி சத்தம். பையன்மேல கத்தினேன். டிவிய அணைச்சாங்க, வீடு கப்சிப்." அந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். கத்தினா வேலை நடக்குது, அந்த நிமிசத்துக்குப் பலன் கெடைக்குது. மூணு தலைமொறையா இந்தக் கூலி கெடைச்சதாலதான் பழக்கம் நெலைச்சுது. பசி, தூக்கம், பணம், சத்தம் இதுல எது அடிக்கடி முன்னால நிக்குதுன்னு ரெண்டு வாரத்துல தெரிஞ்சுடும்.

அடுத்தது உடம்போட முதல் அறிகுறி. சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குப் பேச்சு வேகமாகும். ஊடை (குறுக்கு) நூல் அறுந்ததும், அதைக் கண்டுபிடிக்கற ஃபோர்க் தறியை நிறுத்தலைன்னா என்னாகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு விரக்கடை துணி கெட்ட பொறவு பார்த்தா பிரிச்சுத்தான் எடுக்கணும். முதல் அறிகுறியில நிக்கறதும் அதே மாதிரிதான்.

அந்த இடத்துல என்ன செய்யறதுன்னு முன்னாலயே ஒரே வாக்கியமா எழுதி வைங்க: "தாடை இறுகினா, வாசல் குழாயில மூஞ்சி கழுவிட்டு, 10 மூச்சு விட்ட பொறவுதான் உள்ள போவேன்." பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் ஆராய்ஞ்ச முறை இது. 2006ல 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்ப, வெறும் "இனி கோவப்பட மாட்டேன்"ங்கற உறுதியை விட, "இது நடந்தா இதைச் செய்வேன்"ங்கற திட்டம் நல்லாவே வேலை செஞ்சுது. மூச்சு 4 நொடி உள்ள, 6 நொடி வெளிய. இதைக் கோவத்துல முதல் முறையா முயற்சி பண்றதுதான் பெரிய தப்பு, அப்ப வரவே வராது. காலையும் ராத்திரியும் 5 நிமிசம், மனசு சும்மா இருக்கறப்பப் பழகணும். ரொம்ப ஆழமா இழுத்தா தலை சுத்தும், இயல்பான அளவே போதும்.

நொய்யல் கரை:

ஆலோசகர் சொன்னதோட குடும்ப வரைபடத்தையும் சேர்த்துக்கோங்க அண்ணா. ஒரு பெரிய சார்ட் தாள்ல மூணு தலைமொறை. ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். அப்பாரு வீடு மட்டும் பத்தாது, அப்புச்சி அமிச்சி (அம்மாவைப் பெத்தவங்க) வீடும் வேணும். அங்கதான் பல சமயம் நெதானமான ஆள் ஒருத்தர் இருப்பாரு, அவரோட சாய்வும் உங்களுக்கு வந்திருக்கலாம்.

ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் "கோவக்காரர்"னு எழுதாதீங்க. எதுக்குக் கோவம் வரும், யார்மேல காட்டுவாரு, எப்படி முடியும், யார் போய்ச் சமாதானம் பண்ணுவாங்க, இந்த நாலும் வேணும். கேக்கற விதமும் முக்கியம். "அப்பாரு கோவக்காரருங்களா"ன்னு ஆத்தாவைக் கேட்டா "அவரு தங்கமப்பா"ன்னு வந்துடும். "சனிக்கிழமை கூலி போடப் பணம் வரலைன்னா அன்னிக்கு வீட்டுல என்ன நடக்கும்?"னு கேளுங்க, அத்தனையும் வெளிய வரும்.

அடியில ஒரு கோடு போட்டு வருசங்களைக் குறிங்க. 2011 ஜனவரியில கோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினது, 2016ல மழை பொய்ச்சது, அதே நவம்பர்ல நோட்டு செல்லாமப் போனது, 2020 ஊரடங்கு, இதோட உங்க வீட்டுக் கடன், சாவு, பாகப்பிரிவினை. கோவம் கூடின வருசங்களும் இந்த வருசங்களும் ஒண்ணா வந்துச்சுன்னா, அது பணமுடையில பழகின பழக்கம்னு தெரியும், கூலிக் கணக்கை எழுதி வெக்கறதே பாதி வைத்தியம். எல்லா வருசமும் ஒரே மாதிரின்னா சாய்வு பெருசு, மூச்சு, தூக்கம், இடைவெளி இதுலதான் கவனம் வேணும்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுடாதீங்க. நம்ம பக்கத்துக் குடும்பங்கள்ல கெட்டியாக் கணக்குப் பார்க்கற குணமும் இதே பணமுடையில பழகினதுதான், அதால எத்தனையோ வீடு நிமிர்ந்திருக்குது. அது கெடுக்கற எடத்துல மட்டும் எல்லை போட்டாப் போதும். வீட்டம்மா கையில மாசம் ஒரு தொகை, 1,500 ரூபாயோ 2,000 ரூபாயோ, அதுக்குக் கணக்கே கேக்கறதில்லைன்னு வெச்சீங்கன்னா பாதிச் சண்டை கொறையும்.

பல்லடம் தறிக்காரன்:

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம், கத்தறதை அடக்கினா உம்முனு இருக்கறது கூடிடாதுங்களா? எங்கம்மா வேற "பொண்டாட்டி சொல்லிக் குடுத்துட்டா"ம்பாங்க. எத்தனை நாளுங்கறதுக்கும் சொல்லுங்க.

கோபி குடும்ப ஆலோசகர்:

கூடும், அதனாலதான் இடைவெளிக்கு ஒரு முறை வேணும். "சூடா இருக்கேன், தறிக்குடோனுக்குப் போயிட்டு 7.30க்கு வந்து பேசறேன்"னு நேரம் சொல்லிட்டுப் போங்க. குறைஞ்சது 20 நிமிசம், அதுக்குள்ள உடம்பு இறங்காது. சொன்ன நேரத்துக்கு வந்தே ஆகணும். நேரம் சொல்லாமப் போனா அது உம்முனு இருக்கறதோட புது வடிவம்தான், வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த 20 நிமிசம் நடந்ததை மனசுல ஓட்டிப் பார்த்துட்டே இருந்தா சூடு அப்படியே நிக்கும், கைவேலை ஏதாவது செய்யுங்க. எதையாவது அடிச்சு ஆத்திரத்தைத் தீர்த்துக்கறதும் உதவாது. 2002ல பிராட் புஷ்மன் சோதிச்சப்ப, கோவப்படுத்தினவரை நெனைச்சுக்கிட்டே குத்துப்பையைக் குத்தினவங்களுக்குக் கோவம் இன்னும் ஏறித்தான் இருந்துச்சு.

மௌனத்தைக் கொறைக்க: முதல் வாரம், சண்டைக்கப்புறம் 24 மணி நேரத்துக்குள்ள ஒரு வாக்கியம். "சோறு போடு", "பையன் சாப்பிட்டானா" எதுவானாலும் சரி. அடுத்த ரெண்டு வாரம் 12 மணி நேரம். அப்புறம் படுக்கறதுக்கு முன்னால. சமாதானம், மன்னிப்பு, காரணம் எல்லாத்தையும் முதல் வாக்கியத்துலயே எதிர்பார்க்கறதாலதான் நாக்கு எழும்ப மாட்டேங்குது.

பையனுக்கு மட்டும் மன்னிப்பு உடனே, ரெண்டே வரியில: "அப்பா கத்தினது தப்பு. தறி நின்னதுக்கு நீ காரணமில்ல, கண்ணு." அதோட நிறுத்திடணும். "ஆனா நீயும்..."னு தொடங்கினா முன்னால சொன்னதெல்லாம் வீண். அவன் வட்டலத் தள்றப்பத் திட்டாம, "கோவமா இருக்கியா? தள்ளாம வாயில சொல்லு"ன்னு சொல்லிட்டு, சிந்தினதை அவனையே வழிக்கச் சொல்லுங்க. "அப்படியே அப்பாரு"ன்னு யாரும் சிரிக்க வேண்டாம், அந்தப் பேரைக் காப்பாத்தவே அவன் மறுபடி செய்வான்.

அம்மாவுக்கு விளக்கம் குடுக்கப் போகாதீங்க. "எனக்கே ஒடம்புக்கு ஆகலைங்கம்மா, அதான்"னு ஒரே பதிலை எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்க. பழைய கோவத்துக்கு வீடே பழகியிருக்கும், முதல் சில வாரம் சோதிச்சுப் பார்ப்பாங்க. ஐயனோட பழசையெல்லாம் நோம்பிக்குச் சொந்தம் கூடறப்பக் கிளறவும் கூடாது.

எத்தனை நாள்னா, 2010ல வெளியான லண்டன் ஆய்வுல ஒரு பழக்கம் தானா நடக்க சராசரியா 66 நாளாச்சு, ஆளைப் பொறுத்து 18லிருந்து 254 வரைக்கும். அது தண்ணி குடிக்கற மாதிரி எளிய பழக்கம், கோவத்துக்கு இன்னும் கூட ஆகும். அந்த ஆய்வுல ஒருநாள் விட்டதால பழக்கம் கெடலை, அதனால ஒருநாள் கத்திட்டா "எல்லாம் போச்சு"ன்னு விட்டுடாதீங்க. 2017ல 207 ஆய்வுகளைத் தொகுத்தப்ப, சராசரி 24 வார மனநலச் சிகிச்சையில குணத்துல அளக்கற அளவுக்கு மாற்றம் தெரிஞ்சுது. அதுல அதிகம் மாறினது பதட்டம், மனநிலைத் தடுமாற்றம் இந்தப் பக்கம்தான். ஒரே ஒரு திட்டத்தை மட்டும் எடுங்க. 15 வாரம் மாணவர்களைக் கவனிச்ச 2019 ஆய்வுல, குணத்தை மாத்த வாராவாரம் குடுத்த சின்ன வேலைய ஏத்துக்கிட்டா மட்டும் பத்தலை, செஞ்சு முடிச்சவங்ககிட்டதான் மாற்றம் வந்துச்சு.

ஈரோடு மருத்துவர்:

சேர்த்து ஒரு வார்த்தை. கோவம் சமீபத்துல கூடியிருந்தா முதல்ல உடம்பைப் பாருங்க. தைராய்டு அதிகமாச் சுரந்தா எரிச்சலும் படபடப்பும் வரும், டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடும். ராத்திரி ஷிப்டு பார்த்துட்டுப் பகல்ல 4 மணி நேரம் தூங்கறவருக்கு எந்தத் திட்டமும் நிக்காது, தூக்கத்தை முதல்ல சரி பண்ணணும். ஆம்பளைங்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையா வராம எரிச்சலாத்தான் வரும். தினமும் குடிக்கறவங்க தாங்களா ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது, வலிப்பு வர வாய்ப்பிருக்குது, மருத்துவர் துணையோட நிறுத்தணும். அரசுத் தலைமை மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்குது, காசு இல்லை. போன்ல பேசணும்னா அரசோட மனநல உதவி எண் 14416, தமிழ்லயே பேசலாம். கை ஓங்கற அளவுக்குப் போயிருந்தா நோட்டு எழுதிட்டு ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே மருத்துவரைப் பாருங்க. வீட்டுல பெண்களுக்கு உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.