"எம்பிஹெச் படிச்சா ஊசி போடுவியா?" – களத்தில் பார்த்த சிலர்

எம்பிஹெச், அதாவது பொது சுகாதார முதுகலை, படித்துவிட்டு களத்தில் யாரையெல்லாம் சந்தித்தோம் என்று பேச்சு வந்ததால் என் பங்கையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் பக்கம் வந்ததே பெட்டிக்கடையால்தான். இளங்கலை படித்த காலத்தில் கல்லூரி வாசலை ஒட்டியிருந்த கடைகளில் புகையிலை பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். 2003-ஆம் வருடச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. என்.எஸ்.எஸ்.ஸில் பேரணியும் உறுதிமொழியும் எடுத்து அலுத்துப்போன நாங்கள் சிலர், ஒரு கயிறை எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்பினோம். 100 கஜம் என்றால் 300 அடி.

கடைத் தாத்தா ஒருவர் கயிற்றின் மறுமுனையை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். "கேட்லேர்ந்து அளக்கறியா, காம்பவுண்டு செவுத்துலேர்ந்து அளக்கறியாம்மா? கேட்லேர்ந்துன்னா நான் தப்பிச்சேன்." சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து என்றுதான் விதியில் இருக்கிறது. மாட்டினார். "சரி, இத எடுத்துட்டு வெறும் முட்டாய் வித்தா வாடகைக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

கடைகளைக் குறித்து வரைபடம் போட்டு, திங்கட்கிழமை மனுநாளில் சென்னை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். பிறகு சுவரில் எச்சரிக்கைப் பலகை வந்தது. அபராதமும் போட்டார்கள். இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சமே 200 ரூபாய்தான். சரம் உள்ளே போனது, வியாபாரம் கல்லாவுக்கு அடியில் நடந்தது.

ஆனாலும் அளப்பது எனக்குப் பிடித்துவிட்டது. கோஷம் போட்டபோது கண்டுகொள்ளாதவர்கள் வரைபடத்தை நீட்டியதும் உட்காரச் சொன்னார்கள். அந்த ருசியில்தான் எம்பிஹெச் சேர்ந்தேன். "அப்ப நீ டாக்டரா? ஊசி போடுவியா?" என்று சொந்தக்காரர்கள் இன்றுவரை கேட்கிறார்கள்.

படிப்பு முடிந்து காசநோய் வேலையில் கண்ணகி நகர் போனேன். நகரத்துக்குள் ஆற்றோரமும் ரோட்டோரமும் இருந்தவர்களை 2000-க்குப் பிறகு கொண்டுவந்து குடிவைத்த இடம். வீடுதான் மாறியது, பலருக்குப் பிழைப்பு பழைய ஏரியாவில்தான்.

அங்கே ஒரு பெயின்டர் அண்ணன். இரண்டாவது வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஒத்துழைப்பு இல்லை" என்று குறிப்பு எழுதியிருந்தது. நாங்கள் போனபோது ஆள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரே அறை, உள்ளே பிள்ளைகள். பேச்சே கொடுக்கவில்லை. அவர் மனைவிதான் என்னைத் தண்ணிக்குடம் இருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், "ஒண்ணுக்குப் போனா ரத்தமா போவுது மேடம். மாத்திர துன்னாம இருந்தா நின்னுடுது" என்றார்.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும். கெடுதல் ஒன்றும் இல்லை. முதல் நாளே சொல்லவேண்டிய ஒரு வரி, யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் விளக்க ஆரம்பித்தேன். கூட வந்த நர்ஸ் அக்கா என் கையை அழுத்திவிட்டுப் போய், அதே மாத்திரையை ஆறு மாசம் முழுங்கித் தேறிய ஒரு அம்மாவைப் பக்கத்து பிளாக்கிலிருந்து கூட்டிவந்தார். "எனக்கும் ஃபான்டா மாதிரிதான்டா போச்சு. இன்னா ஆயிட்டேன் நானு? முழுங்குடா." அண்ணன் அன்று ராத்திரியே மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்.

சத்துணவுக்கு என்று நோயாளியின் கணக்கில் மாதம் 500 ரூபாய் போடுவார்கள் (2018 ஏப்ரலில் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000). அவர் கணக்கோ செத்துக் கிடந்தது, பாஸ்புக்கில் இடித்துப்போட்ட வீட்டின் முகவரி. கூலியை விட்டுவிட்டு அவரால் பேங்க் வரிசையில் நிற்க முடியாது. அவர் மனைவியோடு நான் போய் நின்றேன். அந்த கேஸில் நான் பார்த்த வைத்தியம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசநோய்க்காரர்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோய்க்காரர்களைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி) இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது நம் சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம். வகுப்பில் இதை மருந்தின் வெற்றியாகத்தான் நடத்துவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்து வந்த ஊழியர்களுக்கு ஒரு ஸ்லைடுகூட இருக்காது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

—

மறுமொழி: நான் பல் டாக்டருக்குப் படித்துவிட்டு இதற்கு வந்தவள். டெங்கு சீசனில் கார்ப்பரேஷன் டிபிசி (வீடுகளில் கொசுப்புழு தேடும் ஊழியர்) அக்கா ஒருவரோடு வியாசர்பாடியில் வீடு வீடாகப் போனேன். என் கையில் கேள்வித்தாள், அவர் கையில் டார்ச். வீட்டுக்காரம்மா "எங்க வூட்ல தண்ணியே தேங்காது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அக்கா ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை உருவி வெளிச்சம் காட்டினார். உள்ளே புழு நெளிந்தது. ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர் ஒரு மூடியளவு போதும், ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். என் கேள்வித்தாளில் ஃப்ரிட்ஜே கிடையாது. அன்றைக்கே சேர்த்தோம். அந்த அக்காவுக்குத் தினக்கூலி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

—

மறுமொழி: அக்கா, நான் நர்சிங் கடைசி வருஷம். சென்னையிலேயே எம்பிஹெச் எங்க படிக்கலாம்? வேலை கிடைக்குமா?

—

பதிவு எழுதியவர்: அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது. தகுதி, ஃபீஸ் இரண்டையும் அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளம்மா. வேலை கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலை, ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வீட்டில் இதை இப்போதே சொல்லி வை. உனக்கு நர்சிங் கையில் இருப்பது பெரிய பலம், ஊசி போடுவியா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லலாம்.