சாரணர் ட்ரூப்பில் மெரிட் பேட்ஜ் கவுன்சிலர்களைக் கவனிப்பது யார் வேலை? பிள்ளைகள் ஃபர்ஸ்ட் கிளாஸிலேயே நின்றுவிடுகிறார்கள்

கேள்வி: ட்ரூப் அம்மா

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் என் மகன் சேர்ந்திருக்கும் சாரணர் (ஸ்கவுட்) குழுவான ட்ரூப்பில் 32 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் எட்டு ஒன்பது பேர் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இத்தனை நாள் அட்வான்ஸ்மென்ட், அதாவது பிள்ளைகள் அடுத்தடுத்த நிலைக்கு உயர்வதைக் கவனிக்கும் பொறுப்பைப் பார்த்துவந்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், சென்ற மாதக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. மனமுவந்துதான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் கோப்பைத் திறந்து பார்த்த பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

முதல் சிக்கல் கவுன்சிலர்கள், அதாவது ஒவ்வொரு திறனுக்கும் உள்ள மெரிட் பேட்ஜைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, முடித்ததும் கையெழுத்திடும் பெரியவர்கள். பட்டியலில் 19 பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் பலருடைய பிள்ளைகள் கல்லூரி முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். இன்னும் கவுன்சிலராக இருக்கிறார்களா என்று அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சென்ற வாரம் ஒரு பையன், பேன்ட் பையிலேயே இருந்து துணியோடு துவைபட்டு மை கலங்கிப்போன ஒரு புளூ கார்டை, அதாவது பேட்ஜ் வேலையைப் பதியும் அட்டையைக் கொண்டுவந்தான். பர்சனல் மேனேஜ்மென்ட் பேட்ஜ் முடிந்துவிட்டதாகக் கையெழுத்து இருந்தது. தொடங்கிய தேதிக்கும் முடித்த தேதிக்கும் நடுவில் 15 நாள்தான். 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டிய பேட்ஜ் அது. இதற்கு நேர்மாறாக, ஃபர்ஸ்ட் எய்ட் பார்க்கும் இன்னொரு கவுன்சிலர் புத்தகத்தில் இல்லாத பத்துப் பக்கக் கட்டுரையைக் கேட்கிறார். அவரிடம் போன நான்கு பேரும் பாதியில் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது சிக்கல் பிள்ளைகளின் ஆர்வம். 11 பேர் ஃபர்ஸ்ட் கிளாஸ் நிலையை வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது, அதற்கு மேல் நகரவில்லை. பெற்றோர்களோ, குறிப்பாக நம்மவர்கள், பத்தாம் வகுப்புக்குள் உச்ச நிலையான ஈகிளை வாங்கிவிட முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பிள்ளைகளிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். விரட்டுவதில் எனக்கு விருப்பமில்லை, அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. இந்தப் பொறுப்பைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய ஸ்கவுட்மாஸ்டர்

வணக்கம் அம்மா. ஒரு ட்ரூப்பில் ஒன்பது ஆண்டுகள் ஸ்கவுட்மாஸ்டராக, அதாவது அதை நடத்தும் பெரியவராக இருந்தவன் நான். நீங்கள் சொன்ன இரண்டு கவுன்சிலர்களும் எதிரெதிராகத் தோன்றினாலும் செய்வது ஒரே தவறுதான். அட்வான்ஸ்மென்ட் வழிகாட்டி நூல் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பேட்ஜுக்கு விதிக்கப்பட்ட தேவைகளில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வட்டார அமைப்பான கவுன்சிலுக்கோ கமிட்டிக்கோ ட்ரூப்புக்கோ தனியொருவருக்கோ அதிகாரம் இல்லை. 'சொல்' என்று எழுதியிருந்தால் பையன் சொன்னால் போதும், 'செய்து காட்டு' என்று எழுதியிருந்தால் செய்துதான் காட்ட வேண்டும். பத்துப் பக்கம் கேட்பவர் கெட்டவர் அல்லர். முதலுதவியைப் பெரிதாக நினைப்பவராக இருப்பார். தேவைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடன் உட்கார்ந்து, ஒவ்வொரு தேவையின் வினைச்சொல்லையும் சேர்ந்து படியுங்கள். எனக்குத் தெரிந்தவரை பாதிப் பேர் அங்கேயே புரிந்துகொள்வார்கள்.

15 நாள் கார்டு விஷயத்தில் பதறாதீர்கள், ஆனால் பதிவும் செய்துவிடாதீர்கள். உங்கள் ஸ்கவுட்மாஸ்டர் அந்தப் பையனை அழைத்து, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல், வரவு செலவை எப்படி எழுதினாய் என்று அன்பாகக் கேட்கட்டும். இது மறுதேர்வு ஆகிவிடக் கூடாது. படித்ததை மறந்துவிட்டான் என்பதற்காக யாரும் பேட்ஜை மறுக்க முடியாது. அவன் கார்டு வாங்குவதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் அதையும் கேட்க வேண்டும். அந்தத் தேவையை அவன் நிறைவேற்றியிருக்கவே முடியாது என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தால் மட்டும், பேட்ஜைப் பதியாமல் நிறுத்திவைத்து, மிச்சத்தை முடிக்க வேறொரு கவுன்சிலரின் பெயரைத் தர வேண்டும். முடித்த தேவைகள் முடித்தவைதான். அவனுக்குப் 18 வயது நிறையும் வரை அவை காலாவதி ஆவதில்லை. கையெழுத்திட்டவரைப் பற்றி வட்டாரக் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்கத் தனிப் படிவமே இருக்கிறது. கவுன்சிலர்களை ஏற்பதும் நீக்குவதும் கவுன்சிலின் வேலை, நம்முடையது அன்று. நாம் பார்த்ததைச் சொல்லலாம், அவ்வளவே.

பட்டியலுக்கு வருகிறேன். 19 பேரையும் தொலைபேசியில் அழையுங்கள். மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. இன்னும் விருப்பம் உண்டா, எந்தெந்த பேட்ஜுகளுக்குக் கவுன்சில் உங்களை ஏற்றிருக்கிறது, இளையோர் பாதுகாப்புப் பயிற்சி நடப்பில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். பதினெட்டு வயது நிறைந்து, முறைப்படி பதிவு செய்து, பின்னணிச் சோதனை முடிந்து, அந்தந்த பேட்ஜுக்கு என்று ஏற்பு பெற்றவர்தான் கவுன்சிலர். மருத்துவர் என்பதால் மட்டும் ஒருவர் ஃபர்ஸ்ட் எய்ட் கார்டில் கையெழுத்திட முடியாது. நம் வீடுகளில் இந்தக் குழப்பம் நிறைய நடக்கிறது. 'மாமா பொறியாளர்தானே, அவரே போடட்டும்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த மாமாவைப் பதிவு செய்ய வையுங்கள், ட்ரூப்புக்கு ஒரு நல்ல கவுன்சிலர் கிடைப்பார். பெற்றோர் தம் பிள்ளைக்கே கவுன்சிலராக இருக்க விதி தடை சொல்லவில்லை. ஆனாலும் ஒரே கவுன்சிலரிடம் இத்தனை பேட்ஜுக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஸ்கவுட்மாஸ்டர் வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மறுமொழி 2: பட்ஜெட் கவுன்சிலர்

நானும் பர்சனல் மேனேஜ்மென்ட் கவுன்சிலர் என்பதால் இந்தப் பக்கத்திலிருந்து சிறிது சொல்ல விரும்புகிறேன். எங்களிடம் பையனின் எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்லாதீர்கள். எங்கள் எண்ணைப் பையனிடம் கொடுங்கள். அறிமுகமில்லாத பெரியவர் ஒருவரைத் தானே அழைத்துப் பேசி, நேரம் கேட்டு வாங்குவது அந்த பேட்ஜில் அவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். சென்ற ஆண்டு ஒரு பையன் என்னை அழைத்தபோது அவன் தாளில் எழுதிவைத்ததைப் படிக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் இடையில் ஒரு கேள்வி கேட்டதும் திகைத்து நின்றான். 'பரவாயில்லை தம்பி, நிதானமாகப் பார்த்துச் சொல்' என்றேன். தாளைப் புரட்டும் ஓசை கேட்டது, பிறகு சொன்னான். எட்டாவது வாரத்தில் அதே பையன் தன் குறிப்பேட்டை என் முன் விரித்து, 1 டாலர் 75 சென்ட் கணக்கில் உதைக்கிறது, மூன்று நாளாகத் தேடுகிறேன் என்றான். பள்ளியில் தானியங்கி எந்திரத்தில் பழச்சாறு வாங்கியது பிறகு நினைவுக்கு வந்தது. அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அந்த 1 டாலர் 75 சென்ட்டுக்காகத்தான் 13 வாரம் வைத்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் தனியாக வரக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெற்றோரில் ஒருவரை அழைத்துவரட்டும். மின்னஞ்சல் எழுதினால் பெற்றோரையும் நகலில் சேர்க்கட்டும். இது எங்களுக்கும் பாதுகாப்பு.

கவுன்சிலர்களை மேற்பார்க்கிறோம் என்றால் குற்றம் கண்டுபிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன், கார்டு வந்து சேர்ந்தது என்று ட்ரூப்பிலிருந்து ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. நான் கையெழுத்திட்ட பையனுக்கு விருது விழாவில் பேட்ஜ் கொடுக்கும்போது என்னையும் அழைத்திருந்தால் நிச்சயம் போயிருப்பேன்.

மறுமொழி 3: ரிவ்யூ போர்டு உறுப்பினர்

உங்கள் 11 பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அவர்கள் பேட்ஜ் இல்லாமல்தான் நிற்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியுமா? எங்கள் ட்ரூப்பில் இதே நிலை இருந்தது. ஒவ்வொருவரின் பதிவையும் ஸ்கவுட்புக் என்ற இணையப் பதிவேட்டில் திறந்து பார்த்தபோது, அடுத்த நிலையான ஸ்டாருக்கு வேண்டிய ஆறு பேட்ஜுகளை ஏழு பேர் எப்போதோ முடித்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது பொறுப்பு. ஃபர்ஸ்ட் கிளாஸாக இருக்கும்போது நான்கு மாதம் ஒரு பதவியில் பணியாற்றியிருக்க வேண்டும். ட்ரூப்புக்குள் இருக்கும் சிறு குழுவான பேட்ரலின் லீடர் வேலையைக் கூச்சமில்லாத மூன்று பேரே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமைதியான பிள்ளைகள் தேர்தலில் நிற்கவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் குவாட்டர்மாஸ்டர், குறிப்பெழுதும் ஸ்க்ரைப், ஹிஸ்டாரியன், லைப்ரேரியன், இன்ஸ்ட்ரக்டர், சிறுவர் குழுவுக்கு உதவும் டென் சீஃப் என்று எத்தனையோ பதவிகள் இருக்கின்றன. அசிஸ்டன்ட் பேட்ரல் லீடர் பதவி மட்டும் இந்தக் கணக்கில் சேராது என்பதை மறந்துவிட்டு ஒரு பையன் அரையாண்டை இழந்தான். அது எங்கள் கவனக்குறைவு, அந்தப் பிள்ளைமேல் தவறில்லை.

ரிவ்யூ போர்டு, அதாவது பிள்ளையிடம் அவன் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும் பெரியவர் குழு, அடுத்த நிலைக்குத் தயாரானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நகராமல் நிற்கும் பிள்ளைகளையும் அழைத்துப் பேசலாம் என்று வழிகாட்டியே சொல்கிறது. மூன்று பேர் உட்கார்ந்து, ஏன் முடிக்கவில்லை என்று கேட்காமல், இங்கே உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டோம். ஒருவன் சமையல் என்றான். அடுத்த முகாமில் அவனை அடுப்படிக்குப் பொறுப்பாக்கினோம். குக்கிங் பேட்ஜைப் பற்றி நாங்கள் பேச்செடுக்கவே இல்லை, இரண்டு வாரத்தில் அவனே புளூ கார்டு கேட்டான்.

இளைய பிள்ளைகளுக்கு நாள்காட்டிதான் மருந்து. திசைகாட்டியோடு ஐந்து மைல் நடை, வரைபடம் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் பயிற்சி, பேட்ரலுக்கு மூன்று வேளைச் சமையல் ஆகியவற்றை ஆண்டுத் திட்டத்தில் வைத்துவிட்டால், தேவைகள் முகாமிலேயே முடிந்துவிடும். வாங்கிய பேட்ஜை அடுத்த வாரக் கூட்டத்திலேயே கையில் கொடுத்துவிடுங்கள். விழா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்பது மிக நீண்ட காலம்.

ஈகிள் பற்றிக் கேட்கும் பெற்றோருக்குக் கணக்கைக் காட்டுங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து ஸ்டாருக்கு நான்கு மாதம், லைஃபுக்கு ஆறு, ஈகிளுக்கு ஆறு. ஆக 16 மாதம் கட்டாயம் வேண்டும். எல்லாம் 18 வயது நிறைவதற்குள் முடிய வேண்டும் என்பதால், 16 வயது 8 மாதத்துக்குள் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியிருந்தால் வழி திறந்தே இருக்கிறது. இதைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் எங்கள் பெற்றோர்கள் பலருக்குப் பதற்றம் குறைந்தது. பத்தாம் வகுப்பு என்ற எல்லையை எந்த விதியும் வைக்கவில்லை, நாம் வைத்துக்கொண்டது அது.

ட்ரூப் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதுவரை எட்டுப் பேரை அழைத்துவிட்டேன். ஐந்து பேர் தொடர விரும்புகிறார்கள், இருவர் விலகிக்கொண்டார்கள், ஓர் எண் உபயோகத்தில் இல்லை. ஃபர்ஸ்ட் எய்ட் கவுன்சிலரை இந்தச் சனிக்கிழமை சந்திக்கிறேன். துவைபட்ட கார்டுப் பையனிடம் ஸ்கவுட்மாஸ்டர் பேசினார். இரண்டு வாரம்தான் எழுதினேன் என்று அவனே சொல்லிவிட்டான். வரவு செலவை 13 வாரம் தொடர்ந்து எழுதி முடிக்க வேறொரு கவுன்சிலரை அவனே அழைக்கப்போகிறான். பதிவுகளைப் பார்த்தேன்: 11 பேரில் ஆறு பேரிடம் பேட்ஜ் இருக்கிறது, பதவிதான் இல்லை. அந்த ஆறு பேரில் என் மகனும் ஒருவன். ஓராண்டாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. குவாட்டர்மாஸ்டர் வேலை காலியாக இருப்பதாகச் சொன்னேன், கூடாரங்களை எண்ணும் வேலையா என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை ட்ரூப் பிள்ளைகளின் தலைவனான சீனியர் பேட்ரல் லீடரிடம் அவனே பேசட்டும் என்று விட்டிருக்கிறேன்.