ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வரும் வம்பு: எப்படி நிறுத்துவது?

எங்கள் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவுக்கு நான் அட்மின். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கிய சிக்கல் இன்னும் ஓயவில்லை. "இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று ஆரம்பித்து, அந்த வீட்டுச் சண்டை, கடன், வேலை போன காரணம் வரை எழுதிவிடுகிறார்கள். சம்பந்தப்பட்டவரிடம் யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் வேறு குழுக்களுக்குப் போய்விடுகிறது. ஒரு குடும்பம் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டது.

பேசுகிறதற்குப் பொறுமையாயிருக்கச் சொல்லும் வேத வசனமான யாக்கோபு 1:19ஐப் பதிவிட்டுப் பார்த்தேன். கைகூப்பும் படங்கள் குவிந்தன, அவ்வளவுதான். மத்தேயு 18:15 சொல்கிறபடி, அதிகம் எழுதுகிறவரைத் தனியே பார்த்துப் பேசினேன். "ஜெபிக்கிறதைத் தடுக்கிறீங்களா?" என்றார். அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றியதும், உண்மையிலேயே ஜெபம் தேவைப்பட்டவர்களும் அடங்கிப்போனார்கள், மறுபடி திறந்துவிட்டேன். செய்தியை நீக்குவதிலும் பயனில்லை, அதற்குள் படம் வெளியே சுற்றுகிறது.

"கேட்டதைச் சொல்லுகிறவன் பிராண சிநேகிதரையும் பிரித்துவிடுகிறான்" என்கிறது நீதிமொழிகள் 17:9. கேட்டது பொய் என்று அங்கே இல்லை. ஆகவே 'உண்மையைத்தானே எழுதினேன்' என்ற வாதம் நிற்காது என்பது என் எண்ணம். ஆனால் இதைக் காட்டினால், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் 6:2 பதிலுக்கு வருகிறது! (வசனத்துக்கு வசனம் என்று போட்டி வேறு.)

சம்மதம் இல்லாமல் பிறர் விஷயத்தை ஜெபக் குறிப்பாகப் போடக்கூடாது என்ற விதியை, ஜெபத்துக்கே தடை என்று தோன்றாதபடி, உங்கள் குழுவில் எந்த வார்த்தைகளில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?