முதல் ஜாயின்ட் வென்ச்சர்: நிலத்துக்காரர், தெருக்காரர், சப்ளையர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

மடிப்பாக்கம்_சைட்:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா கொத்தனார். நான் டிப்ளமோ சிவில் முடித்து, 11 வருடம் ஒரு பில்டரிடம் சைட் எஞ்சினியராக இருந்தேன். இப்போது முதல்முறையாக என் பெயரில் ஒரு ஜாயின்ட் வென்ச்சர் (நிலம் அவர்களுடையது, கட்டுவது நான், வீடுகளைப் பிரித்துக்கொள்வது) அமைந்திருக்கிறது. மடிப்பாக்கத்தில் 2 கிரவுண்டு இடம், 30 அடித் தெரு. பழைய வீடு ஒன்றும், பின்பக்கம் உறைக்கிணறு ஒன்றும் இருக்கின்றன. வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் மனைவி, அந்த அம்மா, இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள். கீழே ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள கார் நிறுத்தும் தளம்), மேலே 3 மாடி, மாடிக்கு 2 வீடு. ஆறில் அவர்களுக்கு 3, எனக்கு 3 என்று வாய்ப்பேச்சாக முடிந்திருக்கிறது.

வரைபடம், கம்பி, கான்கிரீட் எல்லாம் எனக்குப் பழக்கம். மனிதர்களிடம் பேசி நடத்தும் பாதியைத்தான் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது. அது பழைய விரிசல் என்று நாங்கள் சொன்னோம், புதியது என்று அவர்கள் சொன்னார்கள். ஐந்து மாதம் வேலை நின்றது. இன்னொரு சைட்டில் செங்கல் கொடுத்தவர் பாக்கிக்காக வாரம் மூன்று நாள் கேட்டில் வந்து நிற்பார். பெரியவர். முதலாளி போனை எடுக்க மாட்டார், பதில் சொல்லும் வேலை என்னுடையது. "சார் ஊரில் இல்லை" என்று நான் பொய் சொன்ன நாட்கள் எனக்கு மறக்கவில்லை. என் சைட் கேட்டில் யாரும் அப்படி நிற்கக் கூடாது.

நிலத்துக்காரர் குடும்பத்தோடு எதையெல்லாம் முன்னாடியே பேசிவிட வேண்டும்? தெருக்காரர்களிடம் எப்போது போவது, என்ன சொல்வது? புதுப் பெயருக்குக் கடைக்காரர்கள் எதை நம்பிக் கடன் கொடுப்பார்கள்? கட்டியவர்கள், நிலம் கொடுத்தவர்கள், பொருள் கொடுப்பவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கிழக்குத்தாம்பரம்:

தம்பி, 24 வருடமாகத் தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் சின்ன அடுக்ககங்கள் கட்டுகிறேன். நாலு வீடு, ஆறு வீடு, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. நீ கேட்டதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த அம்மாதான். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வீடு என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள். அம்மாவுக்கு எது?

அந்த ஐயா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய இடம், உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆக, அம்மாவுக்குக் கால் பங்கு, மகளுக்கும் கால் பங்கு. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் நிற்கும். "அக்கா ஒன்றும் சொல்ல மாட்டா" என்று தம்பிகள் சொல்வதை வைத்து வேலையை ஆரம்பிக்காதே. அக்காவை நேரில் பார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டாப் பெயர் மாற்றம் எல்லாவற்றையும் உன் வக்கீல் பார்த்து எழுதிக்கொடுத்த பிறகுதான் முன்பணம்.

அடுத்து, கட்டும் காலத்தில் அந்த அம்மா எங்கே இருப்பார்? என் மூன்றாவது சைட்டில் இதில் ஒரு தப்பு செய்தேன். வாடகை குறைவு என்று ஒரு வயதான அம்மாவைக் கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டில் குடிவைத்தேன். அவர் தினம் போகிற கோயில், பால் போடுகிறவர், பேச்சுத்துணை எல்லாம் செம்பாக்கத்தில். மாதம் 4,000 ரூபாய் எனக்கு மிச்சம். அந்தக் குடும்பம் என்னிடம் மனசு விட்டுப் பேசுவதை நிறுத்தியது. அப்புறம் டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று எதை எடுத்தாலும் சந்தேகம். அதன் வேர் அந்த வாடகை வீடுதான் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. ஆகவே அதே தெருவில், முடியாவிட்டால் அடுத்த தெருவில் வீடு பார்த்துக் கொடு. வேலை தள்ளிப்போனால் அந்த வாடகையை நீ தொடர்ந்து கொடுப்பாய் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுது.

எந்த வீடு யாருக்கு என்பதை இப்போதே பேசி முடி. கிழக்குப் பார்த்த முதல் மாடி வீடு ஒன்றுதான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். வரைபடத்தில் அவர்கள் பங்குக்கு ஒரு நிறம், உன் பங்குக்கு ஒரு நிறம். கார் நிறுத்தும் இடத்துக்கும் அப்படியே. எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். அவர்களுக்குள் முடிவாகவில்லை என்றால், அவர்கள் கும்பிடுகிற கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல். இரண்டு குடும்பத்தில் அப்படிச் செய்தோம். பிறகு ஒரு வார்த்தை வரவில்லை.

வரியை மறைக்காதே. நிறைவுச் சான்றுக்கு முன் வீடுகளை விற்கும்போது வாங்குபவரிடம் ஜிஎஸ்டி வாங்குவாய், அது எல்லோருக்கும் தெரியும். நிலத்துக்காரருக்குக் கட்டிக்கொடுக்கும் வீடுகளுக்கும் ஜிஎஸ்டி உண்டு. அதை அரசுக்குக் கட்ட வேண்டியவன் நீ, ஆனால் அந்தப் பணம் யாருடையது என்று பேசாமல் விட்டால் சாவி கொடுக்கும் நாளில் சண்டை. மூலதன ஆதாய வரி அவர்களுடையது. 2017 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றப்படி, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் தனிநபருக்கு அந்த வரி நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில்தான் வரும். அதற்கு முன்பே தன் பங்கை விற்றால் அந்த வசதி போய்விடும். உன் ஆடிட்டரோடு ஒரு மாலை அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைச் சொல்.

2 கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி, அதாவது 446 சதுர மீட்டர். 500க்குக் கீழே, வீடும் எட்டுக்குள். அதனால் ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு தேவையில்லை. சின்ன பில்டர்கள் பலர் இதை நிம்மதியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் நம் பெயர் கெடும். அந்தச் சட்டம் பெரிய பில்டருக்கு என்ன சொல்கிறதோ அதை நீயே செய். வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதத்தை இந்த சைட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கில் போடு. அடுத்த சைட்டின் முன்பணத்துக்கு அதிலிருந்து எடுக்காதே. கட்டமைப்புக் குறைகளுக்கு 5 வருடப் பொறுப்பு என்று கைப்பட எழுதிக்கொடு.

தெருவுக்கு வருகிறேன். மடிப்பாக்கம் ஆட்களுக்கு 2015 டிசம்பர் மறக்காது. 2023 டிசம்பரிலும் தண்ணீர் பார்த்தார்கள். நீ போனதும் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, "எவ்வளவு உசத்தப் போறீங்க?" என்பதுதான். உன் மனையை மூன்று அடி உயர்த்தினால் உன் தண்ணீர் அவர்கள் கூடத்துக்குள் போகும். தெரு மட்டத்தை லெவல் எடுத்து, உன் மட்டம் எவ்வளவு, மழைநீர் எந்த வழியாகப் போகும் என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போ. உறைக்கிணற்றை மூடாதே. மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி அதில் இறக்கு. பக்கத்து வீட்டுக் கிணறுகளுக்கும் அது நல்லது, அவர்களே வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

விரிசல் விஷயத்துக்கு வழி இருக்கிறது. தோண்டுவதற்கு முன், இரண்டு பக்கத்து வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அவர்கள் சுவர், தரை, காம்பவுண்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடு. பிரதி இரண்டு, இருவரும் கையெழுத்து. அதற்குப் பிறகு புதிதாக விட்டதைப் பேச்சில்லாமல் சரிசெய்துகொடு. என் அனுபவத்தில் அதற்கு ஆகும் செலவு, ஒரு வாரம் வேலை நிற்பதால் வரும் நட்டத்தைவிடக் குறைவு.

இன்னொன்று, கழிப்பறை. தெருக்காரர்களின் கோபத்தில் பாதி, வேலை செய்பவர்கள் ஒதுங்க இடமில்லாமல் காலி மனைக்குப் போவதால் வருகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களைத் திட்டுவார்கள், தப்பு நம்முடையது. 1996ஆம் வருடக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே கழிப்பறையும் தங்க இடமும் கொடுக்கச் சொன்னது. பூமி பூஜைக்கு முன்பே கழிப்பறையைக் கட்டு. தண்ணீர் இணைப்போடு கட்டு.

குரோம்பேட்டை_மாடிவீடு:

நான் நிலம் கொடுத்த பக்கம். 2018இல் அப்பாவின் இடத்தைக் கொடுத்தோம், 2021இல் வீடு கைக்கு வந்தது. நடுவில் கொரோனா. வேலை நின்றதற்காக நாங்கள் கோபப்படவில்லை, ஊரே நின்றிருந்தது. மூன்று மாதம் எங்கள் பில்டர் போனை எடுக்காததுதான் எங்களை வக்கீல் வீட்டுக்கு அனுப்பியது. பிறகு அவரே வந்து, "கையில் பணம் இல்லை, அந்த வெட்கத்தில் எடுக்கவில்லை" என்றார். முதல் வாரமே அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் காத்திருப்போம் தம்பி. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வாட்ஸ்அப்பில் நான்கு படமும் இரண்டு வரியும் அனுப்பினார். "இந்த வாரம் வேலை இல்லை, சென்ட்ரிங் ஆட்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்று வந்த செய்திகூட எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

பவர் பத்திரம் பற்றி: உங்கள் பங்கு முழுவதையும் விற்கும் அதிகாரத்தை முதல் நாளே கேட்காதீர்கள். நாங்கள் இரண்டாவது பில்டரைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான். முதலாவது வந்தவர் இன்னும் ஒரு வீடு கூடுதலாகத் தருவதாகச் சொன்னார், ஆனால் பவர் முழுவதும் உடனே வேண்டும் என்றார். இவர் கட்டக் கட்டக் கொடுங்கள் என்றார். முதல் மாடித் தளம் போட்டதும் ஒரு வீட்டுக்கான பிரிபடாத பாகம் (நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு), மூன்றாம் மாடித் தளம் போட்டதும் இன்னொன்று, எங்கள் வீடுகளின் சாவியைக் கொடுத்ததும் கடைசி ஒன்று. அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரிதான் தூக்கம் வந்தது.

அப்புறம், ஒப்பந்தத்தில் "தரமான டைல்ஸ்" என்று எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒரே பெரிய சண்டை அந்தச் சொல்லால் வந்தது. அளவு என்ன, சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, எந்தக் கடையில் போய் நாங்கள் எடுக்கலாம் என்று எழுதுங்கள். வாசல் கதவு என்ன மரம், ஒரு அறைக்கு எத்தனை ஸ்விட்ச் என்பது வரை.

மேடவாக்கம்_லோடு:

எம்-சாண்ட், ஜல்லி, கம்பி, சிமென்ட் கொடுக்கிறேன். எதை நம்பிக் கடன் கொடுப்போம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று லோடுக்குக் கையில் பணம் கொடுங்கள். நான்காவதிலிருந்து 30 நாள் கேளுங்கள், நான் கொடுப்பேன், என்னைப் போன்றவர்களும் கொடுப்பார்கள். தேதி சொன்னால் அந்தத் தேதியில் வர வேண்டும். முழுசாக முடியாவிட்டால் பாதியாவது அன்றைக்கே வரட்டும், மீதிக்கு இன்னொரு தேதி சொல்லுங்கள். அந்தப் பெரியவர் கேட்டில் நின்றார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் நின்றிருக்கிறேன். லாரிக்கு மாதத் தவணை, டிரைவருக்குச் சனிக்கிழமைக் கூலி, இரண்டும் நிற்காது.

அளவில் சந்தேகம் வந்தால் மனசில் வைத்துக்கொள்ளாமல் அளந்து பாருங்கள். 100 கன அடி ஒரு யூனிட். லாரித் தொட்டியின் உள் நீளம், அகலம், உயரம் டேப் பிடித்து, தலைதட்டி அளக்கச் சொல்லுங்கள். 14க்கு 7க்கு 4 என்றால் 392, நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவைப் பில்லில் கழித்துக்கொடுக்கச் சொன்னால் நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார். கம்பிக்கு எடை தெரியும் உங்களுக்கு. 12 எம்எம் மீட்டருக்கு 888 கிராம், 12 மீட்டர்க் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். நீங்கள் எடை பார்க்கிறீர்கள் என்று தெரிந்தாலே போதும்.

பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். 2019 ஏப்ரலில் வந்த ஜிஎஸ்டி முறையில், வாங்கும் பொருளில் 80 சதவீதமாவது பதிவு பெற்றவரிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும். குறைந்தால் அந்தக் குறைவுக்கு வரி உங்கள் தலையில். சிமென்ட்டைப் பதிவில்லாதவரிடம் வாங்கினால் அதற்குத் தனியாக வரி. பில்லோடு வாங்குங்கள்.

கேட்டிலேயே ஒரு நோட்டு வையுங்கள். வந்த லோடு, நேரம், அளவு, இரண்டு பக்கக் கையெழுத்து. மாதக் கடைசியில் உங்கள் நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பள்ளி விடும் நேரத்தில் லாரி அனுப்பாதீர்கள் என்று முன்னாடியே சொன்னால் விடிகாலையில் அனுப்புகிறேன்.

மடிப்பாக்கம்_சைட்:

மூன்று பேருக்கும் நன்றி. தாம்பரம் அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்த மறுநாள் காலை அந்த அம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் மகன்களோடு மட்டும்தான் பேசியிருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. "எனக்கு எந்த வீடுன்னு யாரும் கேட்கலப்பா" என்றார். அவருக்கு மாடி வேண்டாம், ஏற முடியாது என்று நினைத்திருந்தேன். லிஃப்ட் இருந்தால் முதல் மாடி, பின்பக்கம், கிணறு தெரிகிற மாதிரி என்றார். நான் போட்ட வரைபடத்தில் லிஃப்ட் இல்லை. ஆறு வீட்டுக்கு எதற்கு என்று விட்டிருந்தேன்.

நேற்று இரவு வரைபடத்தை மாற்றினேன். லிஃப்ட் குழி வைத்தால் ஸ்டில்ட்டில் ஒரு கார் இடம் குறைகிறது. அது என் பங்கிலிருந்து போகட்டும். மகள் மேட்டூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புதன்கிழமை மாலை படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார். அவரும் முதலில் கேட்டது, எவ்வளவு உயர்த்தப் போகிறேன் என்றுதான். லெவல் எடுத்த தாள் கையில் இருந்தது, காட்டினேன். தெரு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி. அவர் தன் வீட்டுச் சுவரில் 2015 தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினார். என் மார்பு உயரத்துக்கு இருந்தது.