‘பேடிங்’ என்பதற்கு அடிதாங்கி சரிவருமா? பனிப்பலகைப் பாதுகாப்புச் சொற்கள்

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்கீயைப் பனிச்சறுக்கு என்றும் ஸ்னோபோர்டைப் பனிப்பலகை என்றும் முன்பே பிரித்தாயிற்று. அதை மறுபடி கிளற வேண்டாம். இப்போதைய சிக்கல் உடம்பில் அணிகிற பாதுகாப்புப் பொருள்களில். நாம் தமிழில் எழுதிவரும் பனிப்பலகைக் கையேட்டின் வரைவில் ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு, முழங்கால் பேடு, முதுகுத் தகடு, பேடு வைத்த உள்கால்சட்டை என எல்லாமே ‘கவசம்’ ஆகிவிட்டன. ஓசை நன்றாக இருக்கிறது, பொருள்தான் கெடுகிறது. கவசம் என்றதும் வாசகர் கெட்டியானதைத் தேடுவார். இவற்றில் பாதி கெட்டியாக இருந்தால் தப்பு.

பலகையில் இரண்டு காலும் கட்டுண்டு கிடக்கின்றன. ஊன்றுகோல் கிடையாது. தடுமாறினால் ஒரு காலை எடுத்து முன்னே வைக்க வழியில்லை. சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் விளிம்பு பனியில் மாட்டிக்கொண்டால் பலகை அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் வட்டமடித்து விழும். குதிகால் விளிம்பு மாட்டினால் மல்லாக்க விழுவோம்: வாலெலும்பு, மணிக்கட்டு, பின்மண்டை. விரல்பக்க விளிம்பு மாட்டினால் குப்புற: முழங்கால், உள்ளங்கை. புதிதாகக் கற்பவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்.

இந்த அடிகளைச் சமாளிக்கும் பொருள்கள் மூன்று விதமாக வேலை செய்கின்றன. தலையில் இருப்பது நசுங்கித் தன்னை அழித்துக்கொள்கிறது. இடுப்பிலும் முழங்காலிலும் இருப்பது அமுங்கி மீள்கிறது. மணிக்கட்டில் இருப்பது மூட்டை எல்லைமீறி மடங்கவிடாமல் தடுக்கிறது. அது பேடே அல்ல. தலைக்கவசம் வேரூன்றிய சொல், அதைத் தொட வேண்டாம். மற்ற இரண்டுக்கும் என்ன சொல்லலாம்? பேடுக்கு என் பட்டியல்: மெத்தை, திண்டு, அடிதாங்கி. ரிஸ்ட் கார்டுக்கு மணிக்கட்டுக் காப்பு அல்லது மணிக்கட்டுப் பத்தை (பத்தை என்பது எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் தகடு).

மடல் 2

மெத்தை வேண்டவே வேண்டாம். மெத்தை என்று எழுதினால் கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, எது மெத்தென்று இருக்கிறதோ அதை வாங்குவார்கள். மிக மென்மையான நுரை, அடி விழுந்ததும் முழுக்க அமுங்கி அடிதட்டிவிடும். அதற்குப் பிறகு எலும்புக்கும் பனிக்கும் நடுவே அது இருந்தும் இல்லாததுதான். திண்டு பரவாயில்லை, ஆனால் சாய்ந்துகொள்ளும் பொருள்.

அடிதாங்கிக்கு என் வாக்கு. இடிதாங்கி, சுமைதாங்கி என்று அச்சு தயாராக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அடியைத் தாங்குவது என்ற பொருளில் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஆகவே வல்லினம் மிகாது. ‘அடித்தாங்கி’ என்று த் போட்டுவிட்டால் அடியில் இருக்கும் தாங்கி, அதாவது பீடம் என்றாகிவிடும். வாலெலும்புக்குப் போடுகிற பொருளுக்கு அதுவும் பொருந்தும் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மடல் 3

> அடியைத் தாங்குவது என்ற பொருளில்

தாங்குவது என்றால் அசையாமல் நின்று சுமப்பது என்று படாதா? முதலில் தயங்கினேன். பிறகு இடிதாங்கியை நினைத்துப் பார்த்தால், அது இடியைச் சுமப்பதில்லை, வேறு வழியில் கடத்திவிடுகிறது. அந்தப் பொருளில் அடிதாங்கி சரி. ஆனால் பேடு எதைக் கடத்துகிறது என்று கையேட்டில் ஒரு பத்தி எழுத வேண்டும். கணக்கு எளிது.

ஓர் உயரத்திலிருந்து விழும் பொருள் சீராக வேகம் குறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், விழுந்த உயரத்தை நிற்க எடுத்த தொலைவால் வகுத்தால் போதும், புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்று கிடைத்துவிடும். தலை 1.5 மீட்டர் விழுந்து 2 மி.மீ.யில் நின்றால் 750 மடங்கு. அதே தலை 20 மி.மீ. நுரை நசுங்கி நின்றால் 75. மெய்யான நுரை இவ்வளவு சீராக நடக்காது. உச்சம் இதைவிட மேலே போகும். ஆனாலும் பேடு தருவது தொலைவு, அதனால் நேரம் என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. இடுப்பு 80 செ.மீ. விழுந்து, அடிதாங்கி 10 மி.மீ. அமுங்கினால் 80 மடங்கு. 5 மி.மீ.யில் அடிதட்டினால் அதன் இரட்டிப்பு. கடினமாக இறுகிய பனிச்சரிவு தன் பங்குக்கு அமுங்கித் தராது என்பதால்தான் இந்த மில்லிமீட்டர்களுக்கு இத்தனை மதிப்பு.

எனவே பேடுக்கு ஒரு சொல் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் நுரைக்கும் பெயர் வேண்டும். வினைத்தொகையாக மூன்று சொற்களை முன்வைக்கிறேன்:

நொறுங்குநுரை: தலைக்கவசத்தில் வழக்கமாக இருக்கும் விரிவுற்ற பாலிஸ்டைரீன். பெரிய அடி ஒன்றை வாங்கியதும் அதன் அறைகள் உடைந்து அப்படியே கிடக்கும். மேலோடு வளைந்து பழையபடி நிமிர்ந்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் மறு அடி விழுந்தால் நசுங்குவதற்கு மிச்சம் இல்லை.

மீள்நுரை: விரிவுற்ற பாலிபுரொப்பிலீன். அமுங்கிப் பெரும்பாலும் பழைய தடிமனுக்கு வரும். பல சிறு அடிகள் வாங்குபவருக்கு ஏற்றது. ஆனால் இதுவும் என்றைக்குமானதல்ல.

இறுகுநுரை: டி3ஓ என்ற வணிகப்பெயரில் வருவது போன்றவை. கையில் பிசைந்தால் குழையும், வேகமாக அடித்தால் அந்த நொடியில் விறைக்கும். உடம்போடு ஒட்டி வளைவதால் உள்கால்சட்டைக்கும் முழங்காலுக்கும் விரும்புகிறார்கள். குளிரில் இவ்வகைப் பொருள்கள் கெட்டிப்படும். அதனால் வெளியே தொங்கவிடாமல், உடல்சூடு படுமாறு உள்ளாடைக்கு அடுத்த அடுக்கில் அணிய வேண்டும்.

சுடுநீர், அலைகடல் போலச் சொல்லிப் பாருங்கள், நாவில் தடையில்லை.

தரக்குறிகளையும் அப்படியே எண்ணோடு எழுத வேண்டும், ‘தரச்சான்று பெற்றது’ என்று மழுப்பக் கூடாது. பனிச்சறுக்கு, பனிப்பலகைத் தலைக்கவசத்துக்கு ஐரோப்பியத் தரம் இ.என். 1077. சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான பட்டடையில் போடுவார்கள். உச்சம் 250 ஜி, அதாவது புவியீர்ப்பின் 250 மடங்கு, தாண்டக் கூடாது. மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் குளிர்வித்தும் சோதிப்பார்கள். இதில் ஏ, பி என்று இரு வகுப்பு. ஏ வகுப்பு காதுப் பகுதியையும் சேர்த்துக் கூடுதல் பரப்பை மூடும், ஊடுருவல் சோதனையில் கூர்முனை விழும் உயரம் 75 செ.மீ. பி வகுப்பில் அது 37.5 செ.மீ., காதுக்குத் துணிமடல் போதும். அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040-இல் தட்டைப் பட்டடைக்கு 2 மீட்டர், எல்லை 300 ஜி. உயரமும் எல்லையும் சேர்ந்தே மாறுவதால் எது ‘கடுமை’ என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுத வேண்டாம். சைக்கிள் தலைக்கவசம் இதற்கு மாற்று ஆகாது. பின்மண்டையின் கீழ்ப்பகுதியை அது போதுமான அளவு மூடுவதில்லை, குதிகால் விளிம்பு மாட்டும்போது அடிவிழுவதோ அங்கேதான்.

இந்த வீழ்ச்சிச் சோதனைகள் நேர்அடியை அளப்பவை. தலை சாய்வாக மோதும்போது ஏற்படும் சுழற்சி தனி. அதற்காகத் தலைக்கும் நுரைக்கும் இடையே 10 முதல் 15 மி.மீ. வரை எப்பக்கமும் நகரக்கூடிய ஓர் அடுக்கு வைக்கிறார்கள். மிப்ஸ் என்பது அப்படி ஒன்று. இதற்கு ‘நழுவடுக்கு’. மூளை அதிர்ச்சியை எந்தத் தலைக்கவசமும் முற்றாகத் தடுக்காது என்ற வரியையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

மடல் 4

மணிக்கட்டுக்கு வருகிறேன். ‘காப்பு’ என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கையில் அணிவதும் காப்பு, காப்பதும் காப்பு. ஆனால் அந்தச் சுகமே வாசகரைத் தவறான பொருளை வாங்க வைக்கும். மணிக்கட்டைச் சுற்றி வளையம்போல் இறுக்கும் பட்டையை வாங்கிவிட்டு, காப்பு போட்டாயிற்று என்று இருந்துவிடுவார். அந்தப் பட்டை ஒன்றையும் தடுக்காது.

கை நீட்டி விழும்போது உள்ளங்கை பனியில் ஊன்றி, கை பின்பக்கமாக மடிகிறது. ஆரை எலும்பின் கீழ்முனை முறிவது இப்படித்தான். கருவியின் வேலை இரண்டு: பின்மடிப்பை முறியும் கோணத்துக்கு முன்பே மெல்ல இழுத்து நிறுத்துவது, ஊன்றும் விசையைப் பரப்புவது. அதற்கு உள்ளங்கைப் பக்கத்திலோ புறங்கையிலோ இரு பக்கமுமோ ஒரு தகடு ஓடுகிறது. எலும்பு முறிந்தால் கட்டுகிற பத்தை போன்ற அமைப்புதான், முறிவதற்கு முன்பே கட்டிக்கொள்கிறோம். ஆகவே தகட்டுக்குப் ‘பத்தை’, முழுக் கருவிக்கு ‘மணிக்கட்டுக் காப்பு’ என்று பிரித்துக்கொள்வோம். “பத்தை இல்லாத காப்பு வாங்காதீர்கள்” என்று கையேட்டில் எழுத முடியும். ஒரே சொல்லாக வைத்தால் இந்த வாக்கியமே எழுத வராது.

பத்தையின் நீளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். குட்டையாகவும் வளையாததாகவும் இருந்தால் விசை அதன் மேல்முனையில் குவிந்து, முறிவு மணிக்கட்டிலிருந்து முன்கைக்கு இடம் மாறக்கூடும். முன்கையில் நன்றாக மேலேறிப் போவதும், முனைக்குப் போகப் போக வளைந்துகொடுப்பதும் நல்லது. பனிப்பலகைக்கென்றே 2020-இல் ஐ.எஸ்.ஓ. 20320 வந்துவிட்டது. உருளைச் சறுக்கு விளையாட்டுகளுக்கான இ.என். 14120 குறி மட்டும் இருந்தால், அது கடினத் தரையில் உரசிச் செல்வதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட தரம் என்பதை வாசகர் அறிய வேண்டும்.

கையுறைக்கு உள்ளே அணிவதானால் கையுறையைக் காப்போடு சேர்த்தே அளவு பார்க்க வேண்டும். உள்ளே திணித்தால் வார் விரல்களுக்குப் போகும் ரத்தத்தை இறுக்கி, முதலில் விரல்நுனி மரத்துப்போகும். அப்போது பெரும்பாலோர் செய்வது வாரைத் தளர்த்துவது. தளர்ந்ததும் பத்தை சுழன்று பக்கவாட்டுக்குப் போய்விடும், அப்புறம் அது வெறும் எடை.

மடல் 5

தலைக்கவச உறுப்புகளுக்கு இதுவரை யாரும் பெயர் தரவில்லை. ‘ஓடு’ போதும், மண்டையோட்டோடு குழம்பும் இடத்தில் ‘மேலோடு’. தாடையின் கீழ் மாட்டும் நாடா ‘தாடைவார்’. பின்னால் திருகி இறுக்குவது ‘இறுக்குத்திருகு’. தலையில் படும் துணித்திண்டு ‘பொருத்துத்திண்டு’. இதற்குத் திண்டு என்பதே சரி, இது அடி தாங்காது, இடைவெளியை நிரப்புகிறது. முதல் மடலின் திண்டு இங்கே வேலைக்கு ஆகிவிட்டது.

பொருத்திப் பார்க்கும் முறையை இந்தச் சொற்களாலேயே எழுதிப் பார்த்தேன், தடுக்குகிறதா பாருங்கள்:

புருவத்துக்கு 2 செ.மீ. மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த இடத்தைச் சுற்றி நாடாவால் அளக்கவும். அளவு செ.மீ.யில் கிடைக்கும்; நிறுமத்துக்கு நிறுமம் எழுத்தளவு (எஸ், எம், எல்) மாறும், செ.மீ. மாறாது. இறுக்குத்திருகைத் தளர்த்தித் தலைக்கவசத்தை அணியவும். திருகுவதற்கு முன்பே பொருத்துத்திண்டு தலையைச் சுற்றிச் சமமாகத் தொட வேண்டும். நெற்றியிலும் பின்னாலும் அழுத்தி, பக்கங்களில் விரல் நுழைந்தால் அந்த அச்சு (தலைக்கவசத்தின் உள்வடிவம்) உங்கள் தலைக்கு வட்டம் அதிகம். பக்கம் அழுத்தி முன்பின் ஆடினால் நீளம் அதிகம். திருகால் இதைச் சரிசெய்ய நினைக்க வேண்டாம், வேறு அச்சு பார்க்கவும். தாடைவாரை மாட்டாமல் தலையை ஆட்டினால் நெற்றித்தோல் தலைக்கவசத்தோடு சேர்ந்து அசைய வேண்டும், தலைக்கவசம் தனியாக வழுக்கக் கூடாது. பிறகு வாரை மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் இடம் விடவும். வாயை அகலத் திறந்தால் உச்சியில் இழுப்பு தெரிய வேண்டும். பத்து நிமிடமாவது கழற்றாமல் இருந்து பார்க்கவும். ஓரிடத்தில் மட்டும் வலி குத்தினால் அது பழகிப் போகாது.

கம்பளிக் குல்லாவுக்கு மேல் அணிவது கூடாது. காகிள்ஸை (கண்ணை மூடும் பனிக்கண்ணாடி) கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்க்கவும். மேல்விளிம்புக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் குளிர் நேராக அடிக்கும். மாறாகத் தலைக்கவசம் காகிள்ஸை மூக்கின்மேல் அழுத்தினால் மேல் காற்றுவழி அடைபட்டு அதன் கண்ணாடியில் ஆவி படியும். குழந்தைக்கு “அடுத்த வருடமும் ஆகும்” என்று பெரிதாக வாங்கினால் இந்த ஆண்டும் ஆகாது.

பெரிய அடி வாங்கியது, விரிசல் கண்டது, கரைப்பானோ பசையோ பட்டது, கொதிக்கும் காருக்குள் கிடந்தது, எல்லாம் ஓய்வு பெற வேண்டியவை. மடல் 3-இன் நொறுங்குநுரை என்ற பெயர் வாசகருக்குப் பழகிவிட்டால் இதற்குக் காரணம் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

மடல் 6

முதுகுக்கும் இடுப்புக்கும் மட்டும் ஒரு திருத்தம். முதுகு அடிதாங்கிகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் தரமான இ.என். 1621-2 குறியோடு வருகின்றன: 50 ஜூல் அடியில் மறுபக்கம் கடக்கும் சராசரி விசை முதல் நிலைக்கு 18 கிலோநியூட்டன், இரண்டாம் நிலைக்கு 9. இங்கே கிலோநியூட்டனில் சிறிய எண்ணே சிறந்தது என்று கட்டாயம் எழுதுங்கள், ‘நிலை 2’ என்பதைப் பார்த்து இரண்டாம் தரம் என்று நினைப்பவர் உண்டு. ‘டி மைனஸ்’ குறியும் இருந்தால் குளிர்ச் சோதனையிலும் தேறியது என்று பொருள். அது விருப்பச் சோதனை, எல்லாவற்றிலும் இராது. முதுகெலும்பு முறுக்கி மடிவதை இந்த அடிதாங்கி தடுக்காது. நேராக ஒரு மரமோ கம்பமோ இடிப்பதற்குத்தான்.

இடுப்புக்கு ‘இடுப்பு அடிதாங்கி’ என்று வரைவில் இருக்கிறது. இடுப்பு என்றால் பலர் பக்கவாட்டு எலும்பைத்தான் நினைப்பார்கள். பக்கத்துக்கு மட்டும் நுரை வைத்த கால்சட்டைகளும் விற்கின்றன. மல்லாக்க விழும் தொடக்கக்காரருக்கு வேண்டியது பின்னால். ஆகவே ‘வாலெலும்பு அடிதாங்கி’, ‘இடுப்பெலும்பு அடிதாங்கி’ என்று இரண்டு. முதலாவதில், நுரை வாலெலும்பின் நுனிமேல் மட்டும் குவிந்திருக்கக் கூடாது. இரு பக்கச் சதையிலும் ஏறி, நடுவில் சற்றே பள்ளம் விட்டிருந்தால் விசை எலும்பு நுனியை விட்டுச் சதைக்குப் போகும். நின்றபடி பார்த்தால் போதாது. பலகையில் காலைக் கட்டும் வாரை மாட்டக் குனிவதுபோல் குந்தி எழுந்து பார்க்க வேண்டும். இடுப்புவார் கீழிறங்கினால் நுரையும் இரண்டு விரற்கடை இறங்கித் தொடைக்குப் போய்விடும்.

முழங்காலுக்கு ஒரு சொல் போதும் என்று நினைக்கிறேன். கிண்ணம் வைத்தது, வைக்காதது என்று வேண்டுமானால் அடைமொழி சேர்க்கலாம். மேல் கால்சட்டை இதற்கு மேல் இறுக்காமல் ஏற வேண்டும் என்பதே அங்கே பெரிய செய்தி.

‘அடிதட்டுதல்’ என்று இரண்டாம் மடலில் போகிற போக்கில் வந்ததே, நுரை முழுக்க அமுங்கித் தரையைத் தொடுவதற்கு, அதையும் பட்டியலில் சேர்த்துவிடலாமா? ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.