மறு: செமி-டிடாச்ட் வீட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘இணைவீடு’

> ‘அரைப்பிரி வீடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நடுச்சுவர் ஒன்றைப் பொதுவாக வைத்து ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்றைத்தான் ஆங்கிலத்தில் செமி-டிடாச்ட் வீடு என்கிறார்கள். அதற்கு ‘அரைப்பிரி’ வேண்டாம் என்பது என் கருத்து. பிரிக்கிற வேலையைப் பாதியில் விட்டதுபோல் ஒலிக்கிறது. அந்த வீட்டைப் பார்க்காதவருக்கு ஒன்றும் விளங்காது. முன்பு ஒருவர் சொன்ன ‘ஒட்டுவீடு’ சுருக்கமானதுதான். ஆனால் வாசிக்கிற கண் அதை ‘ஓட்டுவீடு’ ஆக்கிவிடும். இத்தகைய வீடுகளைப் பற்றிய நம் கட்டுரையில் வரும் இங்கிலாந்தின் மில்டன் ஆபஸ் கிராமத்து வீடுகளோ வைக்கோல் கூரை வேய்ந்தவை!

முதலில் கட்டுமானத்தைப் பார்ப்போம். டார்செட் மாவட்டத்து மில்டன் ஆபஸ், 1780 வாக்கில் எழுந்த ஊர். தன் மாளிகையைச் சுற்றிய காட்சிக்குப் பழைய ஊர் இடைஞ்சல் என்று ஜோசப் டேமர் பிரபு அதை இடித்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டினார். ஏறக்குறைய ஒரே அச்சில் 36 வீடுகள். களிமண்ணில் வைக்கோல் கலந்து மிதித்து எழுப்பிய சுவர்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு வீடு, ஒரு வாசல். உள்ளே போனால் பொதுவான ஒரு நடை. அதன் இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள். ஆக்ஸ்போர்டுஷையரின் நூன்ஹம் கோர்ட்னியிலும் 1760-களில் ஹார்கோர்ட் பிரபு ஊரையே பெயர்த்து, சாலையின் இருபுறமும் செங்கல் வீடுகளை இரண்டிரண்டாக நிறுத்தினார். இன்று படம்பிடித்து ரசிக்கிற தெருக்கள் இவை. ஊரை விட்டுக் கிளப்பப்பட்டவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

இந்த அமைப்பில் கட்டுபவருக்கு ஒரு சுவர் மிச்சம். நடுச்சுவரின் இருபுறமும் அடுப்பு வைத்தால் இரண்டு வீட்டுப் புகையும் ஒரே புகைக்கூண்டு வழியாகப் போய்விடும். இடப்பக்க வீட்டின் வரைபடத்தைத் திருப்பிப் போட்டால் வலப்பக்க வீடு. இரண்டும் சரிசமம், ஒன்று மற்றதன் பின்கட்டு அல்ல.

அந்தச் சமநிலை ‘இணை’ என்ற சொல்லில் இருக்கிறது. அதனால் ‘இணைவீடு’ என்கிறேன். இணைப்புக் கட்டடத்தோடு குழம்பும் என்று ஒரு மறுப்பு வந்தது. அது ‘இணைப்பு’, பிறகு வந்து சேர்ந்தது; இது ‘இணை’, பிறக்கும்போதே ஜோடி. ‘இரட்டை வீடு’ என்றால் தனித்தனியே நிற்கும் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளையும் குறிக்கலாம். ‘பொதுச்சுவர் வீடு’ என்றால் வரிசை வீடுகளும் உள்ளே வந்துவிடும். ஆனால் ‘பொதுச்சுவர்’ நம் பத்திரங்களில் ஏற்கெனவே புழங்கும் நல்ல சொல். இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது அப்படியே பயன்படும்.

இன்னொன்று: ஆங்கிலச் சொல் ஜோடியில் ஒரு பாதியைத்தான் குறிக்கிறது. ஆகவே பாதிக்கு ‘இணைவீடு’, முழு ஜோடிக்கு ‘வீட்டிணை’ என்று பிரித்துக்கொள்ளலாம். மில்டன் ஆபஸில் 36 வீட்டிணைகள், அதாவது 72 இணைவீடுகள் என்று எழுதினால் எண்ணிக்கையிலும் குழப்பம் வராது.

அப்புறம், வாசலுக்குள் இருக்கும் அந்தப் பொது இடத்தை ‘நடை’ என்றே எழுதட்டுமா, ‘ரேழி’ என்றா? எனக்கு நடைதான் சரியென்று படுகிறது.